பூட்டிய அறைகளும் காது கேளாத நாயும்: காரைக்குடியில் ஒரு வீட்டுக் காவல் சேவை

காரைக்குடியில் அலுவலகம் வைத்து, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல், தேவகோட்டை என்று சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் ஆள் அனுப்பி, வீட்டுக்காரர்கள் வெளியூர் போயிருக்கும் நாள்களில் வீட்டையும் அதிலிருக்கும் நாய், பூனைகளையும் பார்த்துக்கொள்ளும் சேவை ஒன்றை இந்தத் தைப்பூசத்தின்போது நாங்கள் அமர்த்தினோம். வீட்டைக் காப்பதில் அவர்கள் தேர்ந்தவர்கள். நாயையும் பூனையையும் பார்ப்பதில் பாதிதான் தேறினார்கள். வீட்டுக்காரர் சொல்வதைக் காவலுக்கு வருபவரிடமும், அவர் சொல்வதை வீட்டுக்காரரிடமும் கொண்டுசேர்க்கும் வேலையில், அதாவது நடுவில் நின்று கட்டணம் வாங்குகிறவர் கட்டாயம் செய்ய வேண்டிய வேலையில், தவறிவிட்டார்கள். நிர்வாகியோடு பேசி முடித்துக்கொண்ட தகராறு ஒன்றும் இதில் வருவதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இந்த வட்டாரத்தில் இத்தகைய சேவையை யாரிடம் கேட்டாலும் எழக்கூடிய சிக்கல்கள் ஏறக்குறைய இவைதான் என்பதால், பெயர் இல்லாவிட்டாலும் இதைப் படிப்பவருக்குப் பயன் இருக்கும்.

செட்டிநாட்டில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போவது புதிதன்று. முகப்பு, வளவு (முற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள பகுதி), இரண்டாங்கட்டு, பின்கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீடுகளில் பாதிக்கு மேல் பூட்டியே கிடக்கும் ஊர்கள் இங்கே உண்டு. கூட்டிப் பெருக்கிக் கோலமிட்டு, மாலையில் விளக்கேற்றி வைக்க ஓர் ஆளை அமர்த்தி, அவருக்கான சம்பளத்தைப் புள்ளிகளுக்குள், அதாவது வீட்டில் பங்குள்ள குடும்பங்களுக்குள், பகிர்ந்துகொள்வது நெடுநாள் வழக்கம். அந்த ஏற்பாடு கதவுக்கும் தரைக்கும் போதும், நாய்க்குப் போதாது. எங்கள் வீட்டில் பெருக்க வரும் அம்மாள் நாய் முகப்பில் நின்றால் பின்வாசல் வழியாகத்தான் வருவார். அவரிடம் நாய்க்குச் சோறு வைக்கச் சொல்வது நியாயம் ஆகாது. விலங்குகளைத் தங்கவைத்துக்கொள்ளும் விடுதிகளில் விடலாம் என்றால், பல நாய்கள் ஒரே கொட்டகையில் இருக்கும் இடத்தில் இருமல் தொற்றும் உண்ணியும் எளிதில் பரவும். பூனையோ ஆளைவிட இடத்தோடு ஒட்டிய பிராணி, அதைக் கூடையில் அடைத்து வேற்றிடத்துக்குக் கொண்டுபோனால் பல நாள் வாய் வைக்காது. ஆகவே, என் கணவர் காவடியோடு நடக்க, நான் பழனியில் போய்ச் சேர்ந்துகொண்டு, அங்கிருந்து இருவரும் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போய்ச் சில நாள் தங்குவது என்று முடிவானபோது, வீட்டிலேயே வந்து தங்கும் ஆள் ஒருவர் தேவைப்பட்டார்.

கட்டணம் நாளொன்றுக்கு 900 ரூபாய். இதில் இரவுத் தங்கலும், விலங்குகளுக்கு இரு வேளைச் சாப்பாடும், காலை மாலை நாயை நடத்திச் செல்வதும் அடங்கும்; பாதித் தொகையை முன்பணமாகச் செலுத்த வேண்டும். பணியாளருக்குக் காவல்துறையின் இணையவழிச் சரிபார்ப்பு முடித்த சான்றின் படியைக் கேட்டவுடனே காட்டினார்கள். அது நல்லதுதான். ஆனாலும் அந்தச் சான்று ஒருவர்மீது வழக்கு இருக்கிறதா என்று சொல்லுமே தவிர, அவருக்கு நாய் என்றால் பயமா என்று சொல்லாது. மேற்பார்வையாளர் ஒருவரும் காவலுக்கு வரப்போகும் பணியாளரும் முன்கூட்டியே வீட்டுக்கு வந்து, அரை நாள் இருந்து, எல்லாவற்றையும் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார்கள்.

அந்த முன்பார்வையில் அவர்கள் செய்த ஒரு காரியத்தை மனமாரப் பாராட்ட வேண்டும். வளவைச் சுற்றியுள்ள அறைகளில் எங்களுடையவை சில. மற்றவை பங்காளிகளுடையவை, அவரவர் பூட்டிச் சாவியை எடுத்துப் போயிருப்பவை. திறக்கக் கூடாத ஒவ்வோர் அறையின் பூட்டின்மேலும் ஒரு வெள்ளைத் தாள் பட்டையைச் சாவித்துளையை மூடும்படி சுற்றி ஒட்டி, அதன்மேல் தேதியிட்டு, என்னிடம் ஒரு கையெழுத்தும் பணியாளரிடம் ஒரு கையெழுத்தும் வாங்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். திறந்திருக்கும் இடங்களில் உள்ள மங்குச் சாமான்கள், பித்தளை அண்டாக்கள், சுவர்க் கடிகாரம், பெல்ஜியம் கண்ணாடி ஆகியவற்றை வரிசையாகப் படமெடுத்து அன்று மாலையே எங்களுக்கு அனுப்பினார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர்களுக்கு, பழைய செட்டிநாட்டு வீட்டுப் பொருள்களுக்கு இன்று என்ன விலை என்று தெரியும். வெளியாளை வீட்டில் விட்டுப் போகிறவரின் மனத்தில் நாயைப் பற்றிய கவலைக்குச் சமமாக இந்தக் கவலையும் இருக்கத்தான் செய்யும். அந்தத் தாள் பட்டை எங்களைக் காட்டிலும் அந்தப் பணியாளரைத்தான் காப்பாற்றுகிறது என்பது என் கருத்து. ஆறு மாதம் கழித்து எந்தப் பங்காளியாவது வந்து, அறையில் ஒரு கூஜாவைக் காணவில்லை என்று சொன்னால், அந்தப் பழி ஊருக்குப் புதியவர்மீது போய் விழாமல் இருக்க வேறு என்ன சாட்சி இருக்கிறது?

இனி நாயைப் பற்றி. எங்கள் வெள்ளையன் ராஜபாளையம் வகை. முழு வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இந்த வகையில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் பிறப்பது வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த செய்தி. வெள்ளையனுக்கு வலது காது கேட்காது. ஒரு காது மட்டும் கேட்கும் நாய்க்குச் சத்தம் கேட்கும், ஆனால் அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பிடிபடாது. பின்னால் நின்று கூப்பிட்டால் அது வேறு பக்கம் திரும்பித் தேடும். அந்த நேரத்தில் மேலே கை பட்டால் திடுக்கிட்டுத் திரும்பிவிடும். இந்த வகை நாய்கள் பொதுவாகவே ஓரிருவரோடுதான் ஒட்டும். ஆகவே நிறுவனம் கொடுத்த படிவத்தில், வலது காது கேட்காது என்பதையும், எதிரே வந்து கண்ணில் பட்ட பிறகுதான் தொட வேண்டும் என்பதையும், சாப்பிடும்போது தட்டின் அருகே கை போகக் கூடாது என்பதையும், முன்பு ஒரு தடவை பால்காரரின் வேட்டியைக் கவ்வி இழுத்திருக்கிறான் என்பதையும் ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தேன். முன்பார்வைக்கு வந்த பணியாளரை வெள்ளையனுக்கு மோப்பம் காட்டி, அவர் கையாலேயே சோறு வைக்கச் சொல்லிப் பழக்கியும் வைத்தேன்.

நாங்கள் புறப்பட்ட பிறகு வந்து சேர்ந்தவர் அந்தப் பணியாளர் அல்லர். அவருக்கு வீட்டில் ஏதோ அவசரம் என்று வேறொரு தம்பியை அனுப்பிவிட்டு, எனக்குக் குறுஞ்செய்தியில் தெரிவித்தார்கள். அலுவலகத்தை அழைத்துக் கேட்டதற்கு, படிவத்தில் உள்ளதையெல்லாம் புதியவரிடம் சொல்லிவிட்டோம் என்று உறுதியாகச் சொன்னார்கள். அவருக்கு அலுவலகத்திலிருந்து போயிருந்த வாட்ஸ்அப் செய்தியைப் பின்னால் அவரே எனக்கு அனுப்பிவைத்தார்: "நாய் 1, பூனை 1, இரண்டு வேளை சாப்பாடு, சாவி பெருக்குற அம்மாகிட்ட." அவ்வளவுதான். நான் நிரப்பிக் கொடுத்த இரண்டு பக்கப் படிவம் காரைக்குடி அலுவலகத்தின் கோப்புக்குள்ளேயே இருந்திருக்கிறது.

விளைவை ஊகிப்பது கடினமன்று. வெள்ளையன் இரண்டாங்கட்டில் தட்டில் வாய் வைத்திருந்தபோது, தண்ணீர்ச் சட்டியை நகர்த்தி வைக்க அந்தத் தம்பி வலப்பக்கமாகப் பின்னாலிருந்து குனிந்திருக்கிறார். முன்கையில் இரண்டு பல் பதிந்தது. பயந்து போய் என்னை அழைத்தார். முற்றத்துக் குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவச் சொன்னேன். வெள்ளையனுக்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட்ட அட்டை இருக்கிறது என்றாலும், காரைக்குடி அரசு மருத்துவமனைக்கு உடனே போய் ஊசி போட்டுக்கொள்ளும்படியும் சொன்னேன். அந்த ஊசி அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் ஒரே நாளில் முடிவதன்று. தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், அதன்பின் 3, 7, 28ஆம் நாள்கள் என்று நான்கு முறை போக வேண்டும். காவல் வேலை முடிந்து அவர் வேறிடம் போன பிறகுதான் கடைசி ஊசிக்கான நாள் வருகிறது. பேருந்துச் செலவும் போன நாளின் கூலியும் யார் பொறுப்பு என்பதில்தான் தகராறு தொடங்கியது.

நிறுவனம் எங்களிடம் கையெழுத்து வாங்கியிருந்த ஒப்பந்தத்தில், விலங்குகளால் பணியாளருக்கு நேரும் காயங்களுக்கு உரிமையாளரே பொறுப்பு என்று ஒரு வரி இருந்தது. அதைக் காட்டிச் செலவு முழுவதையும் எங்களிடம் கேட்டார்கள். பொதுவாகப் பார்த்தால் அந்த வரியில் நியாயம் இல்லாமல் இல்லை. நாயின் குணம் நாயை வளர்ப்பவருக்குத்தான் தெரியும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இந்த முறையை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே தெளிவாக எழுதிவைத்திருக்கிறது. ஒரு பொருளை மற்றவரிடம் ஒப்படைப்பவர், அதிலுள்ள, தமக்குத் தெரிந்த, மற்றவருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய குறையை வெளிப்படுத்த வேண்டும் என்பது அதன் 150ஆம் பிரிவு. அதற்குச் சட்டமே தரும் எடுத்துக்காட்டு ஒரு குதிரை: முரட்டுக் குதிரை என்று தெரிந்தும் அதைச் சொல்லாமல் ஒருவர் இரவல் கொடுக்க, குதிரை ஓட்டம் பிடித்து, வாங்கிய ஆள் விழுந்து அடிபட்டால், கொடுத்தவரே பொறுப்பு. ஆக, பொறுப்பைத் தீர்மானிப்பது குதிரை யாருடையது என்பது மட்டுமன்று. தெரிந்ததைச் சொன்னாரா மறைத்தாரா என்பதும்தான். நான் சொன்னேன், எழுத்தில் சொன்னேன். சொன்னதைத் தங்கள் கோப்பில் வைத்துக்கொண்டு, நாய் முன்பின் பார்த்திராத ஒருவரை அனுப்பியவர்கள் அவர்கள்.

அதே சட்டத்தின் 151ஆம் பிரிவு மறுபக்கத்தையும் சொல்கிறது. ஒப்படைக்கப்பட்டதைப் பெற்றவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம்முடைய பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொண்டாக வேண்டும். 163ஆம் பிரிவில் ஒரு பசு வருகிறது: பார்த்துக்கொள்ளக் கொடுத்த பசு கன்று போட்டால், பசுவோடு கன்றையும் சேர்த்துத் திருப்பித் தர வேண்டும். அந்தக் காலத்தில் குதிரையும் பசுவுமாக எழுதிய சட்டம் இன்றைக்கு நாய்க்கும் பூனைக்கும் இவ்வளவு பொருந்துவது எனக்கு வியப்பாகவே இருந்தது. குற்றவியல் பக்கமும் ஒன்று உண்டு. இன்றைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, தம் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி போதிய முன்னேற்பாடு செய்யாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம் என்கிறது. உரிமையாளர் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை, வசம் வைத்திருப்பவர் என்றுதான் சொல்கிறது என்பதைக் காவல் நிறுவனங்கள் கவனிக்க வேண்டும். நாங்கள் கோயம்புத்தூரில் இருக்கும்போது வெள்ளையன் யார் வசம்? கேட்டைத் திறந்துகொண்டு அவன் தெருவில் போகிறவரைக் கடித்திருந்தால், காவல் நிலையத்தில் முதலில் நிற்க வேண்டியவர், தமக்கு ஒன்றுமே சொல்லப்படாத அந்தத் தம்பிதான்.

நிர்வாகியிடம் படிவத்தின் படத்தையும் அந்த வாட்ஸ்அப் செய்தியையும் அடுத்தடுத்து அனுப்பிய பிறகு வாதம் நின்றது. ஊசிக்குப் போன நாள்களின் கூலியை நிறுவனமே கொடுத்தது. பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் மேலாகக் கொஞ்சம் பணத்தை நாங்களும் அந்தத் தம்பிக்குத் தனியே கொடுத்தோம்; சட்டப்படி பொறுப்பு யாருடையதானாலும், நம் வீட்டு நாய் கடித்த கை அது. குறிப்பிட்டுச் சொல்ல வேண்டியது என்னவென்றால், கடிபட்ட பிறகும் அவர் வேலையை விட்டுப் போகவில்லை. நான் தொலைபேசியில் சொன்னபடி ஒவ்வொரு வேளையும் வெள்ளையனின் எதிரே வந்து, தரையில் இரண்டு தட்டுத் தட்டி, அவன் நிமிர்ந்து பார்த்த பிறகு சோற்றை வைத்து விலகி நிற்கப் பழகிக்கொண்டார். செவிட்டு நாய்க்குத் தரையின் அதிர்வு புரியும். நாங்கள் திரும்பி வந்தபோது வெள்ளையன் அவர் காலடியில்தான் படுத்திருந்தான்.

இந்தச் சேவையின் வடிவமே நகரத்து அடுக்குமாடி வீட்டை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது என்பதை இன்னொரு நிகழ்ச்சி காட்டியது. ஒப்பந்தத்தில் உரிமையாளர் என்று ஒரே ஒரு பெயர்தான் எழுத முடியும். அவர் அனுமதி இல்லாமல் யாரையும் உள்ளே விடக் கூடாது என்பது விதி. செட்டிநாட்டு வீட்டுக்கு உரிமையாளர் ஒருவர் என்றைக்கு இருந்தார்? நாங்கள் இல்லாதபோது, ஊரில் ஒரு படைப்புக்காக (முன்னோர்க்குப் படையலிடும் வழிபாட்டுக்காக) சென்னையிலிருந்து வந்த என் கணவரின் பெரியப்பா மகன், அவர் மனைவி, கூட இரண்டு பேர் காரில் வந்து இறங்கி, தங்கள் அறையில் குளித்து உடை மாற்றிக்கொள்ளக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். முகப்பில் வெள்ளையன் அவிழ்த்துவிடப்பட்டிருந்தான். தம்பி சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, கதவைத் திறக்காமல் என்னை அழைத்தார்.

"ஆச்சி, வந்திருக்கவங்க உங்க சொந்தக்காரங்கதான்னு தெரியுது, சுவத்துல மாட்டியிருக்க போட்டோவுல ஐயா முகம் இருக்கு. ஆனா நீங்க ஒரு வார்த்த சொல்லாம நிலைக்கதவத் தொறக்க மாட்டேன்."

பின்னணியில் அந்த அண்ணன் குரல் தெளிவாகக் கேட்டது. "எங்க ஐயா கட்டுன வீட்டுக்குள்ள போறதுக்கு நான் இவன்கிட்ட உத்தரவு கேக்கணுமாக்கும்?"

இருவர் பக்கமும் நியாயம் இருந்தது என்பதுதான் இதிலுள்ள சங்கடம். பங்குள்ளவர் தம் வீட்டுக்குள் நுழைய யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. காவலுக்கு இருப்பவரோ, முகம் தெரியாத நான்கு பேருக்கு, பழம்பொருள் நிறைந்த வீட்டின் கதவைத் தம் பொறுப்பில் திறந்துவிட முடியாது. நாயைக் கட்டாமல் திறக்கவே கூடாது. நான் சொன்ன பிறகு அவர் வெள்ளையனைப் பின்கட்டில் கட்டிவிட்டு வந்து திறந்தார். அண்ணன் தம் அறையின் பூட்டில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து இன்னொரு முறை முகம் சுளித்தார் என்றும், கிழிப்பதற்கு முன் அதைப் படமெடுத்துக்கொள்ளத் தம்பி அனுமதி கேட்டார் என்றும் பிறகு அறிந்தேன். காப்பி போடச் சொன்னதற்கும் அவர் மறுக்காமல் போட்டுக் கொடுத்திருக்கிறார்; அது அவர் வேலையன்று. மாலையில் அண்ணனே என்னை அழைத்து, பையன் கெட்டிக்காரன், யார் அனுப்பியது என்று எண் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பங்காளிகள் யார் யார், அவர்களுள் முன்னறிவிப்பு இல்லாமல் வரக்கூடியவர் யார், அவர்கள் வந்தால் யாரை அழைத்து உறுதிசெய்ய வேண்டும் என்று அவர்களின் படத்தோடு ஒரு பட்டியல் வாங்கி வைத்துக்கொள்வது நிறுவனத்துக்குப் பெரிய வேலையன்று. இந்த வட்டாரத்தில் தொழில் நடத்துகிறவர்களுக்கு இது தோன்றாதது ஏன் என்று விளங்கவில்லை. வீட்டுக்காரர்களும், ஆள் அமர்த்துவதற்கு முன் பங்காளிகளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நலம். நாங்கள் சொல்லியிருந்த இரண்டு வீட்டார் வரவில்லை, பல ஆண்டுகளாக வராதவர்கள் வந்தார்கள்.

பூனைக்கு நேர்ந்தது சிறியதுதான், ஆனால் பெரியதாக ஆகியிருக்கக் கூடியது. பூனை வாடை அடிக்கிறதே என்று நல்லெண்ணத்தோடு அந்தத் தம்பி வளவு முழுவதும் பினாயில் ஊற்றித் துடைத்திருக்கிறார். பூனைகளின் கல்லீரல் பினால் வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் மிகக் குறைந்தது; ஈரத் தரையில் நடந்து, பாதத்தை நக்கிச் சுத்தம் செய்யும்போது அந்த நஞ்சு உள்ளே போய்விடுகிறது. வாயில் நுரை தள்ளிக்கொண்டு பூனை உக்கிராண அறையில் போய் ஒளிந்தது. நல்லவேளையாக அவர் உடனே காணொளி அனுப்ப, மருத்துவரிடம் கேட்டு, பாதங்களை வெதுவெதுப்பான நீரில் கழுவிவிட்டு, கண்காணிப்பில் வைத்ததில் தப்பியது. விலங்குகளைப் பராமரிப்பதாக விளம்பரம் செய்யும் நிறுவனம் தன் பணியாளருக்குச் சொல்லித்தர வேண்டிய அடிப்படைப் பாடம் இது. பினாயிலுக்குப் பதிலாக ஆசிட்டை எடுத்திருந்தால் தரையும் போயிருக்கும். எங்கள் தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதன்று; கண்ணாடியின்மேல் சாயக் கலவையும் சிமெண்டும் வார்த்து, நீரில் பதப்படுத்திச் செய்வது. அமிலம் பட்டால் அந்த மெருகு திரும்ப வராது.

உணவிலும் இதே கதை. நாய் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று ஒரு நாள் மெஸ்ஸில் வாங்கிய கோழிக் குழம்பைச் சோற்றில் பிசைந்து வைக்கப் பார்த்தவரைத் தற்செயலாக நான் அழைத்த நேரம் தடுக்க முடிந்தது. நம் குழம்புகளில் சின்ன வெங்காயமும் பூண்டும் கைநிறைய விழுகின்றன. இரண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியவை. வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். விருந்தாளிக்கு நல்ல சாப்பாடு போடும் மனம்தான் அதன் பின்னால் இருந்தது என்பதால் கோபப்பட முடியவில்லை. ஆனால் இதையும் படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன்.

கேமராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிறுவனம் வீட்டுக்காரர்களிடம் கேமரா பொருத்திக்கொள்ளும்படி பரிந்துரைக்கிறது; எங்கே பொருத்தலாம், எங்கே கூடாது என்று எதுவும் சொல்வதில்லை. முகப்பிலும் பின்வாசலிலும் மட்டும் வைத்து, அவை இருக்கும் இடத்தை எழுதித் தெரிவித்திருந்தோம். முன்பு காவல் இருந்த ஒரு வீட்டில் படுக்கும் இடத்துக்கு நேர் எதிரே கேமரா இருந்ததாகவும், சட்டையைக் கழற்றி உட்கார்ந்தால்கூடத் தொலைபேசி வந்ததாகவும், அதே வீட்டில் நடுக்கதவைப் பூட்டிவிட்டுப் போனதால் கழிப்பறைக்கு வீட்டைச் சுற்றிக்கொண்டு தெரு வழியாகப் போக வேண்டியிருந்ததாகவும் அந்தத் தம்பி சொன்னார். நாயை நம்பி ஒப்படைக்கிறவர்கள் ஒரு கதவை நம்பி ஒப்படைப்பதில்லை. அப்படி நடத்தப்படுகிறவர் இரவில் நாய்க்கு வயிற்றுப்போக்கு கண்டால் எழுந்து பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்? நாங்கள் கொடுத்த 900 ரூபாயில் அவர் கைக்குப் போனது 500 என்பதையும் அப்போதுதான் அறிந்தேன்.

இணையத்தில் இந்த நிறுவனத்துக்கு உள்ள மதிப்பீடுகள் எல்லாமே ஐந்து நட்சத்திரம். அவற்றைக் கொண்டு முடிவெடுக்க வேண்டாம். யாரும் யாருக்கும் தெரிந்தவராக இருக்கும் வட்டாரத்தில், குறை இருந்தால் நேரில் சொல்வார்கள் அல்லது விட்டுவிடுவார்கள், எழுத மாட்டார்கள். அதோடு, வீட்டுக்காரர் பணியாளரைப் பற்றி எழுத வழி இருக்கிறது. பணியாளர் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வழியில்லை. பிரிட்டனில் 2010இல் தொடங்கிய ட்ரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ் போன்ற தளங்களில், கூலி இல்லாமல் தங்குமிடத்துக்கு ஈடாக விலங்குகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு நடக்கிறது. அங்கே இரு தரப்பும் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதுகிறார்கள். கூலி வாங்காதவருக்கு இருக்கும் அந்த உரிமை, கூலிக்கு வருபவருக்கு இங்கே இல்லை. கடிக்கும் நாய் எந்த வீட்டில், பூட்டிய நடுக்கதவு எந்த வீட்டில் என்று அடுத்து வரும் பணியாளருக்குத் தெரிந்தால் பாதித் தகராறு எழாமலே போகும்.

விலங்கு இல்லாத வீட்டுக்கு இவர்களைத் தயங்காமல் அமர்த்தலாம். அந்தத் தாள் பட்டை ஒன்றுக்காகவே அமர்த்தலாம். விலங்கு இருக்கும் வீட்டார், படிவத்தை அலுவலகத்தில் கொடுப்பதோடு நிற்காமல், அதன் படி ஒன்றை வீட்டின் உட்கதவிலேயே ஒட்டிவைக்க வேண்டும். ஆள் மாறினால் புதியவரோடு காணொளி அழைப்பில் பேசி, நாயின் முன் அவரை நிறுத்திப் பார்த்த பிறகே பொறுப்பை ஒப்படைப்போம் என்று ஒப்பந்தத்தில் கையால் ஒரு வரி எழுதிச் சேர்க்க வேண்டும். நாங்கள் கேட்டபோது நிர்வாகி மறுக்கவில்லை. வழக்கமாகப் பார்க்கும் கால்நடை மருத்துவரின் எண்ணும், தடுப்பூசி அட்டையும், அவசரச் செலவுக்கு ஒரு தொகையும் காவலுக்கு இருப்பவர் கையில் இருக்க வேண்டும். கால்நடை ஆம்புலன்சுக்கான 1962 என்ற எண் உதவக் கூடியது என்றாலும், ஊர்ப்பக்கத்தில் அது பெரும்பாலும் ஆடு மாடுகளுக்கே ஓடிக்கொண்டிருக்கும். பெரிய சிகிச்சை என்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி வரை போக வேண்டியிருக்கலாம். அதற்கு வண்டிக்கு யாரை அழைப்பது என்பதையும் எழுதிவைப்பது நல்லது.

வரும் பிள்ளையார் நோன்பை ஒட்டி வெளியூர் போக வேண்டியிருப்பதால் அந்தத் தம்பியையே கேட்டுப் பதிவு செய்திருக்கிறோம்; பெயர் சொல்லிக் கேட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல், அதில் அவருக்கு எவ்வளவு போகிறது என்று ரசீதில் எழுதச் சொல்லியிருக்கிறோம். தைப்பூசத்துக்கு ஆள் வேண்டும் என்பவர்கள் கார்த்திகைக்குள் சொல்லிவிடுவது நல்லது. அந்த நாள்களில் இந்தப் பக்கத்து வீடுகளில் பாதி ஒரே நேரத்தில் பூட்டப்படுகின்றன, எங்களுக்கு ஆள் மாறி வந்ததற்கும் அதுதான் காரணம் என்று நிர்வாகி சொன்னார்.